முட்டிவலியும் இரண்டு டப்பா கேப்சூலும்

ரசமட்டத்துக்கு வாழ்க்கையில் பிடிக்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான். "பத்துக்கு எத்தனை?"

ரசமட்டம் என்பது தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற கருவியின் பெயர். அதையே ஒரு மனிதருக்கு வைத்துவிட்டார்கள். டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவருக்கு. ஒரு நூல் சாய்மானம் இருந்தாலும் மனசு ஒப்பாது, பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார். உடன் வேலை செய்பவர்கள் எரிச்சலில் வைத்த பட்டப்பெயர் அது. காலம் போகப்போக எரிச்சல் மறைந்து பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நிஜப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், பெரிய கண்ணாடி போட்ட அந்த ஆஸ்பத்திரி சிஸ்டர் கேட்டார். "வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. உங்க முட்டிவலி பத்துக்கு எத்தனை?"

"எதை வச்சு அளக்கறது சிஸ்டர்?"

"மனசுல தோணுறதைச் சொல்லுங்க."

"மனசுல தோணுற மாதிரி ஒட்டினா தரை கோணலாத்தான் வரும்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. ரசமட்டம் அவசரத்தில் ஏழு என்றார். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது ஒன்பது என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் நாலுதான் என்று பட்டது. தப்பான அளவைக் கொடுத்துவிட்டு வந்தோமே என்று வீடு வரைக்கும் மண்டை காய்ந்தது.

வலிக்குக் காரணத்தை யாரும் தேடவேண்டாம். மீசை முளைத்த நாளிலிருந்து முட்டி போட்டே சம்பாதித்தவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டாக்டரம்மா, இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிற மெத்தை தேய்ந்துவிட்டது என்றார். அது அவருக்கு உடனே புரிந்தது. நடுவில் இடைவெளி விடாமல் ஒட்டினால் டைல்ஸும் ஒன்றோடொன்று உரசி ஓரம் உடையும். அதற்கப்புறம் டாக்டரம்மா சொன்னதுதான் புரியவில்லை.

"ஒரு மரத்தோட பிசின்ல இருந்தும், மஞ்சள் கிழங்குல இருந்தும் சத்தைப் பிரிச்சு இந்த கேப்சூல் செஞ்சிருக்காங்க. கொஞ்சம் பேருக்குக் குடுத்துப் பாத்ததுல வலி குறைஞ்ச மாதிரி இருக்கு. நிச்சயமா வேலை செய்யுதான்னு இன்னும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வு. தேஞ்ச மெத்தை திரும்ப வளரும்னெல்லாம் நான் சொல்லமாட்டேன்."

"மஞ்சள்னா எங்க அடுப்படியிலயே டப்பா நிறைய இருக்கே டாக்டரம்மா?"

"ஸ்பூன் ஸ்பூனா தின்னாலும் ரத்தத்துல பெருசா சேராதுங்க. இது சேர்ற மாதிரி பக்குவம் பண்ணினது. ஆனா ஒண்ணு. பாதிப் பேருக்குத்தான் நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்துல, அதே அளவுல வெறும் மாவு. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"குடுக்கிற உங்களுக்கே தெரியாதா?"

"தெரியக்கூடாது. தெரிஞ்சா, 'உங்களுக்குக் குறைஞ்சிருக்குமே'ன்னு என் முகமே கேட்டுடும். நீங்களும் ஆமான்னு தலையாட்டிடுவீங்க."

தனக்கே தெரியாத மருந்தைத் தருகிற டாக்டரை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். ஆனாலும் அந்த முகத்தில் கள்ளம் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிற பயிற்சி ஒன்றையும் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில் சிஸ்டர் ஒரு கட்டளை போட்டார். ஒரு வீட்டில் ஒருவர்தான் சேரலாம், இரண்டு பேர் சேர்ந்தால் டப்பா மாறிப்போகும்.

இந்தக் கட்டளையை அவர் வீட்டில் வந்து சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

வீடு என்றால் மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்படி. கீழே துணி தேய்க்கும் கடை. கடை அவர் மனைவியுடையது. தெரு முழுக்க இஸ்திரி அக்கா என்றால்தான் தெரியும். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் மேசை முன்னால் நின்றே தேய்ப்பார். அவருக்கும் இரண்டு முட்டியும் போய்விட்டது. மாடிக்குப் போகிற படி குறுகல், செங்குத்து. கொஞ்ச காலமாக இஸ்திரி அக்கா மாடி ஏறுவதையே விட்டுவிட்டார். கடையின் பின்பக்கம், துணி மூட்டைகளுக்கு நடுவில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். சமையலுக்கும் அங்கேயே ஓரமாக ஒரு ஸ்டவ். அங்கே சிமெண்டுத் தரை பெயர்ந்து குண்டும் குழியுமாகக் கிடந்தது. நானும் கீழே வந்து படுக்கிறேன் என்று ரசமட்டம் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு ஆளு படுக்கவே இடம் இல்ல. அதோட உங்க குறட்டையில தேச்ச துணியெல்லாம் கசங்கிடும். மேலயே படுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ரசமட்டத்துக்கு மாடியில் தூக்கம் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த ஆள் இல்லாமல் அந்தச் சின்ன அறை பெரிய மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மனைவி மாடி ஏறி வீட்டுக்கு வரவேண்டும். தன் முட்டியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு வீட்டில் ஒருவர்தான் என்று கேட்டதும் இஸ்திரி அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்ப என் முட்டி என்ன தவிட்டுக்கு வாங்கினதா?"

"என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடச் சொல்றேன்."

"ஒண்ணும் வேண்டாம். என் தங்கச்சி வீட்டு விலாசத்தைக் குடுத்து நானும் சேந்துக்கறேன். ஒரு வீடுன்னாதானே தப்பு? ரெண்டு வீடாக்கிட்டாப் போச்சு."

அப்படியே செய்தும் விட்டார். இருவருக்கும் ஒரே நாளில் டப்பா கிடைத்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் கூத்துதான். ஒரே பஸ்ஸில் போய், ஒருவர் முந்தின ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவார். காத்திருக்கும் கூடத்தில் ஆளுக்கு ஒரு மூலை. ஒருநாள் இஸ்திரி அக்கா நடிப்பில் உச்சத்துக்குப் போய், "ஐயா, மணி என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். ரசமட்டம் யோசிக்காமல், "உன் கையிலதான் வாட்ச் கட்டியிருக்கியே" என்றார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இஸ்திரி அக்கா பார்த்த பார்வையில் இவருக்குக் குலை நடுங்கிற்று.

கொஞ்ச நாள் போனது. ரசமட்டத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. காலையில் எழுந்ததும் முட்டி பிடித்துக்கொள்வது குறைந்த மாதிரி இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்தால், எழுந்திருக்க யாருடைய தோளும் தேவைப்படவில்லை. குறைந்துவிட்டதா, குறைந்ததாக நினைக்கிறோமா? வேண்டுமென்றே முட்டியை அழுத்திப் பார்த்தார். வலித்தது. ஆனால் பழைய வலி எப்படி இருந்தது என்பதே மறந்துவிட்டது. மறந்துபோன ஒன்றோடு இதை எப்படி ஒப்பிடுவது?

இஸ்திரி அக்காவோ கடையில் மேசையைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ரசமட்டம் அதைப் படியில் நின்று பார்த்துவிட்டார். நிஜ மருந்து என் டப்பாவில் இருக்கிறது, அவள் டப்பாவில் வெறும் மாவு என்று முடிவு கட்டினார்.

டப்பாவை மாற்றி வைத்துவிடலாமா? ஒருவேளை நிஜ மருந்து அவளிடமே இருந்து, மெதுவாக வேலை செய்கிறதென்றால்? மாற்றினால் கிடைப்பதும் போய்விடும். இப்படியும் போகமுடியவில்லை, அப்படியும் போகமுடியவில்லை. கடைசியில் தொழில்தான் வழி காட்டியது.

டைல்ஸ் பெட்டிகள் ஒரே கம்பெனியில், ஒரே பெயரில் வந்தாலும் நிறம் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். ஒரு பெட்டியை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரித்தால், தரையில் ஒரு மூலை வெளுப்பாகவும் ஒரு மூலை இருட்டாகவும் திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் எல்லாப் பெட்டியையும் பிரித்து, கலந்து போட்டு ஒட்டுவார்கள். எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் பிடிபடாது. ஒரு நாள் மனைவி முன்பக்கம் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ரசமட்டம் பின்பக்கத்திலிருந்து மனைவியின் டப்பாவை எடுத்துவந்து, இரண்டு டப்பாவையும் ஒரு தட்டில் கவிழ்த்தார். நன்றாகக் கலந்தார். திரும்ப இரண்டிலும் நிரப்பினார். நிஜ மருந்து யாரிடம் இருந்தாலும் பாதியாவது அவளுக்குப் போய்ச்சேரும். அடுத்த டப்பா வந்தபோதும் அதையே செய்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்கப்புறம் குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும். கூடிப்போயிற்று. முதலாவது, மதியச் சாப்பாடு. டிபன் பாக்ஸில் மனைவி கட்டிக்கொடுக்கிற சோறு இந்த ஆய்வு தொடங்கின நாளிலிருந்தே கசந்தது. கேட்டால், "உங்க நாக்குதான் கசக்குது" என்று பதில் வந்தது. அவரும் நம்பிவிட்டார். இப்போது ஒரு நாள் கசந்தது, ஒரு நாள் கசக்கவில்லை. நாக்கு இப்படி முறை வைத்துக்கொண்டா கசக்கும்?

இரண்டாவது, மனைவி சொல்கிற எண். எதிர் மூலையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். சிஸ்டர், "பத்துக்கு எத்தனைம்மா?" என்று கேட்டதும், முதலில் எட்டு சொன்ன இஸ்திரி அக்கா, அடுத்த தடவை ஐந்து என்றார். அதற்கடுத்து மூன்று. அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் மூன்றுதான். ரசமட்டத்துக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. என் கலப்பு வேலை செய்துவிட்டது! இன்றைக்கு மாடிக்கு வந்துவிடுவாள் என்று அவசர அவசரமாகப் போய் மாடியில் போர்வையை உதறிப் போட்டார்.

வரவில்லை. "மேல ஒரே புழுக்கமா இருக்குங்க" என்றார். மழை பெய்து குளிர்ந்த நாளிலும் அதையே சொன்னார்.

மூன்று என்றால் மாடி ஏற முடியாதா? எனக்கு நாலு இருக்கும்போதே நான் ஏறுகிறேனே? அப்படியென்றால் வலி காரணம் இல்லை. என்னோடு இருக்கப் பிடிக்கவில்லையா? இந்த வயதில் இப்படி ஒரு எண்ணம் வந்ததற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வந்தது வந்ததுதான். வேலையில் ஒரு குளியலறையையே மாற்றி ஒட்டிவிட்டு, சுவரைத் தரை என்றும் தரையைச் சுவர் என்றும் சொல்லிக்கொண்டு நின்றார். உடனிருந்தவர்கள், ரசமட்டத்துக்கே மட்டம் போய்விட்டது என்று கேலி செய்தார்கள்.

ஆய்வு முடிந்தது. கடைசியாக ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். சில வாரம் கழித்து, வந்து டாக்டரம்மாவைப் பார்க்கச் சொல்லித் தகவல் வந்தது. இருவருக்கும் ஒரே நாளில்.

ரசமட்டத்தை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். இஸ்திரி அக்கா வெளியே பெஞ்சில் அந்நியர் மாதிரி உட்கார்ந்திருந்தார். உள்ளே கண்ணாடி சிஸ்டர் சுவரோரம் நின்றார். கண் சிவந்திருந்தது.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்றார் டாக்டரம்மா. "இப்பதான் யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பாத்தோம். உங்களுக்கு எழுதியிருந்தது வெறும் மாவு. ஆனா உங்க ரத்தத்துல மருந்து இருக்கு. வெளியில ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு எழுதினது நிஜ மருந்து. அவங்க ரத்தத்துல துளி கூட இல்ல. ரெண்டு பேரும் ஒரே நாள்ல டப்பா வாங்கியிருக்கீங்க. சிஸ்டர் மாத்திக் குடுத்திருக்காங்க. வேற எப்படியும் இது நடக்காது. இவங்க தப்புன்னு மேலிடத்துக்கு எழுதி அனுப்பவேண்டியதாப் போச்சு."

"டப்பா மேல இருக்கிற நம்பரைப் பாத்துத்தான் குடுத்தேன் டாக்டர்" என்று சிஸ்டர் மெல்லச் சொன்னார். பலமுறை சொல்லி ஓய்ந்த குரல்.

ரசமட்டம் திருதிருவென்று முழித்தார். வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சிஸ்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சிஸ்டர் மேல தப்பு இல்லைங்க. நான்தான் கலந்தேன்."

"எதை?"

"ரெண்டு டப்பாவையும். அந்த அம்மா வேற யாரும் இல்ல. என் வீட்டுக்காரி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ரசமட்டம் பெட்டி, நிறம், திட்டு, தட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். கேட்டு முடித்த டாக்டரம்மா கோபப்படவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"இருங்க. கலந்திருந்தா ரெண்டு பேர் ரத்தத்துலயும் பாதி பாதியாவது இருக்கணுமே. உங்களுக்கு முழுசா இருக்கு. அவங்களுக்கு ஒண்ணுமே இல்லையே?"

ரசமட்டம் மனசுக்குள் ஒரு தரையைப் போட்டுப் பார்த்தார். கலந்து ஒட்டின தரையில் வெளுப்பு டைல்ஸ் மொத்தமும் ஒரே மூலைக்குப் போய்ச்சேராது. யாராவது பெயர்த்து எடுத்து மாற்றி ஒட்டினால்தான் உண்டு. யார் மாற்றி ஒட்டியது? அப்போதுதான் அவர் நாக்கில் அந்தக் கசப்பு வந்து நின்றது.

இஸ்திரி அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். கணவரின் முகத்தைப் பார்த்ததுமே குட்டு உடைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். தயங்கவே இல்லை.

"கேப்சூலைப் பிரிச்சு அவர் டிபன் பாக்ஸ்ல கொட்டிடுவேன் டாக்டரம்மா. முதல் நாள்ல இருந்தே."

"ஏம்மா?"

"முட்டி போட்டு வேலை செய்யறது அவருதானே. நான் நின்னுக்கிட்டுத்தானே தேய்க்கறேன். ரெண்டு டப்பால ஏதோ ஒண்ணு நிஜம்னா, எதுவா இருந்தாலும் அவருக்குப் போகட்டும்னு நினைச்சேன்."

"அப்ப மூணு மூணுன்னு சொன்னது?"

"கூடச் சொன்னா, மருந்து கேக்கலைன்னு டப்பாவைப் பிடுங்கிட்டீங்கன்னா?"

டாக்டரம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கண்ணாடி சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேர் சட்டை, சேலை மடிப்பும் கத்தி மாதிரி ஒரே தினுசா இருக்கும். ஒரே கடையில தேய்க்கறாங்க போலன்னு நினைச்சேன்" என்றார். மேலே எழுதி அனுப்பினதை மாற்றி எழுதுவதாக டாக்டரம்மா அவரிடம் சொன்னார். ஆய்விலிருந்து இரண்டு பேரையும் நீக்கியாக வேண்டும் என்றும் சொன்னார்.

ரசமட்டம் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "டாக்டரம்மா, இது மட்டும் சொல்லுங்க. எனக்கு முட்டி குறைஞ்சது நிஜம். அப்ப அந்த மரப்பிசின் வேலை செய்யுதுதானே?"

"தெரியலைங்க. மருந்தாலயா, காலை நீட்டி மடக்கினதாலயா, குறையும்னு நம்பினதாலயா, எதுன்னு சொல்லமுடியாது. மத்தவங்க கணக்கெல்லாம் சேத்துப் பாத்தாத்தான் கொஞ்சமாவது தெரியும். உங்க ரெண்டு பேரை வச்சு எதுவுமே சொல்லமுடியாது."

அன்றைக்கு ஒரே ஸ்டாப்பில் நின்று, ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் திரும்பினார்கள். உள்ளே கொதித்தது கோபமா அழுகையா என்று ரசமட்டத்துக்கே பிடிபடவில்லை. நான் கண்ணுக்குத் தெரியாமல் அவளுக்குக் கொடுத்தேன், அவள் கண்ணுக்குத் தெரியாமல் எனக்கே திருப்பிக் கொட்டினாள். அவள் வலியைத் தின்றுதான் நான் முட்டி போட்டேனா? வலியை மறைக்கத்தான் புழுக்கம் என்றாள் என்று புரியாமல், என்னென்னவோ நினைத்தோமே என்று குறுகிப்போனார். பஸ் குலுங்கியபோது மனைவியின் முட்டி இடிக்காமல் தன் கையை நடுவில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. கடையின் பின்பக்கத்து மூட்டைகளை ஒவ்வொன்றாக ஓரம் கட்டினார். பெயர்ந்த சிமெண்டைக் கொத்தி எடுத்தார். ஊரெல்லாம் தரை போட்டவர், சொந்த வீட்டில் ஒரு டைல்ஸ் கூட ஒட்டியதில்லை. பல வேலைகளில் மிஞ்சி வந்தவை மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. எல்லாம் வேறு வேறு நிறம்.

"என்ன பண்றீங்க?" என்றார் இஸ்திரி அக்கா.

"உன்னால மாடி ஏற முடியலைல்ல? வீடு கீழ இறங்கி வரட்டும்."

"குறட்டை?"

"துணி கசங்கினா மறுபடி தேச்சுக்கோ."

மட்டம் பார்த்து, கலவை போட்டு, முட்டி போட்டு ஒட்டினார். நிறங்களைக் கலக்கவில்லை. வெளுப்பெல்லாம் ஒரு பக்கம், இருட்டெல்லாம் ஒரு பக்கம், அப்படியே விட்டார். ஜன்னல் பக்கத்து வெளுப்பில் மனைவி படுக்கட்டும் என்று மனசில் கணக்கு. கலவை இறுகினதும் ஒவ்வொரு டைல்ஸையும் சுத்தியல் காம்பால் தட்டிக் கேட்டார். அடியில் கலவை சரியாகப் பிடிக்காத டைல்ஸ் 'டொக்' என்று வெறுமையாகச் சத்தம் போடும். பிடித்தது கனமாகக் கேட்கும்.

மேசையைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்த இஸ்திரி அக்கா, சிஸ்டரின் குரலை எடுத்துக்கொண்டு கேட்டார். "ஐயா, பத்துக்கு எத்தனை?"

ரசமட்டம் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். யோசித்தார். "நாலு. அஞ்சுன்னும் சொல்லலாம். தெரியலையே. சரி, உனக்கு எத்தனை?"

"மூணு" என்று பழக்கத்தில் வந்துவிட்டது.

ரசமட்டம் சுத்தியலை நீட்டி, பழைய தரையில் இன்னும் கொத்தாமல் மிச்சம் இருந்த ஓட்டைச் சிமெண்டைத் தட்டினார். டொக் என்றது.

இஸ்திரி அக்கா சிரித்தார். சிரித்து முடித்ததும் மேசையிலிருந்து கையை எடுத்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மெல்லப் புதுத் தரையில் ஒரு காலை வைத்தார்.

"ஒம்பது" என்றார்.

இத்தனை மாதத்தில் ரசமட்டத்துக்குக் குழப்பமே இல்லாமல் புரிந்த எண் அது ஒன்றுதான்.